திறந்த மூலமா, கட்டற்ற வடிவமைப்பா?

போன மாதம் பெரம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் ரோபோ குழுக்களுக்குப் பயிற்சி நாள். பேச வந்தவர் விஷயம் தெரிந்தவர், நல்லவர். "உங்கள் ரோபோவைத் திறந்த மூலமாக வெளியிடுங்கள், எதிரணியும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்" என்றார். கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது அடங்குவதற்குள் மூன்றாவது வரிசை வரை வந்துவிட்டது. அவர் சொல்ல வந்தது அன்றைக்கு அந்த வகுப்பில் சொல்லப்பட வேண்டிய மிக முக்கியமான செய்தி. அது அந்தச் சிரிப்போடு போயிற்று.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறுகிற பிள்ளை பெட்டிக்குள் தினமும் படிக்கிற விளம்பரத்தில் 'மூலம், பௌத்திரம்' என்றுதான் இருக்கிறது. கேட்கிறவர் காதில் முதலில் எது விழும் என்று யோசிக்காமல் சொல் செய்தவர்கள்தான் இதற்குப் பொறுப்பு. இந்தச் சொல்லை மேடைகளிலும் கையேடுகளிலும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் கதை. 'திறந்த மூலம்' என்பது 'ஓப்பன் சோர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு: மென்பொருளை எழுதிய நிரலை யாரும் பார்க்கவும் எடுத்து மாற்றவும் விடுவது. அந்த ஆங்கிலச் சொல் 1998-இல் பிறந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சந்திப்பில் கிறிஸ்டின் பீட்டர்சன் என்பவர் அதை முன்வைத்தார். அதற்கு 15 ஆண்டுகள் முன்பே, 1983-இல், அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய இயங்குதளம் ஒன்றைச் செய்யும் குனு திட்டத்தை அறிவித்து 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். அப்படியிருக்கப் புதுச் சொல் எதற்கு? ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் விடுதலை என்றும் பொருள், காசு வேண்டாம் என்றும் பொருள். கம்பெனிக்காரர்கள் இரண்டாவதையே கேட்டார்கள். அந்தக் குழப்பத்துக்கு மருந்தாகத்தான் 'ஓப்பன் சோர்ஸ்' வந்தது.

தமிழுக்கு அந்த நோயே கிடையாது. காசு வேண்டாம் என்றால் இலவசம். கட்டுப்படுத்த ஆளில்லை என்றால் கட்டற்றது. இரண்டையும் நாம் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. நோய் இல்லாதவனுக்கு எதற்கு மருந்து? ஆங்கிலம் தன் வீட்டுச் சிக்கலைத் தீர்க்கச் செய்துகொண்ட சொல்லை நாம் எழுத்துக்கு எழுத்து கொண்டுவந்து வைத்திருக்கிறோம். இரண்டு இயக்கங்களுக்கும் நோக்கில் வேறுபாடு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிரிப்பர், அதாவது ரோபோவின் பிடிக்கும் கை, அதன் கோப்பை அடுத்த பள்ளிக்குக் கொடுக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தேவையில்லை.

இனி 'மூலம்'. வடமொழியில் வேர் என்று பொருள். தமிழில் புழங்கிப் பழகிய சொல்தான், வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. அது நம் பேச்சில் எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மூலவர் பொதுவாகக் கருவறையை விட்டு வெளியே வருவதில்லை, வீதிக்கு வருவது உற்சவர். மூலப் பத்திரம் பீரோவின் அடித்தட்டில் இருக்கும், கேட்பவருக்கு நகல்தான் கிடைக்கும். 'நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே' என்கிறோம். தமிழன் காதுக்கு மூலம் என்பது மறைத்து வைக்கிற, தோண்டிப் பார்க்கக் கூடாத ஒன்று. அதன் முன்னால் 'திறந்த' என்று சேர்த்தால் ஒரு சொல் இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் இழுக்கிறது.

சிலர் இதை உணர்ந்து 'திறமூலம்' என்று சுருக்கினார்கள். இது இன்னும் மோசம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை என்கிறார்கள். ஊறுகாயில் ஊறுவது காய்தான் என்று யாருக்கும் விளங்கும். திறமூலத்தில் மூலம் திறக்கிறதா, மூலத்தை யாராவது திறக்கிறார்களா? அதுகூடப் போகட்டும். வட்டம், முகம் இரண்டும் சேர்ந்தால் வட்டமுகம். அதே கணக்கில் திறம், மூலம் இரண்டும் சேர்ந்தால் திறமூலம். சொல்லைப் புதிதாகப் பார்ப்பவர் திறமைக்கு ஏதோ மூலம் என்றுதான் பிரிப்பார். நான் இரண்டு தமிழாசிரியர்களிடம் தாளில் எழுதிக் காட்டினேன். இருவரும் அப்படித்தான் பிரித்தார்கள். படித்தவரே தடுக்கி விழுகிற சொல்லைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, "தமிழில் அறிவியல் கடினம்" என்று அப்புறம் நாமே புலம்புகிறோம்.

'வடிவமைப்புப் பங்கீடு' என்று எழுதிய ஒரு கையேட்டையும் பார்த்தேன். பங்கீடு என்றால் ரேஷன். பத்துக் கிலோ அரிசியை இரண்டு வீட்டுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்துதான். வரைபடத்தை எதிரணிக்குக் கொடுத்தால் என்னிடம் பாதியா போய்விடுகிறது? பெற்றோரின் பயமே இதுதான். ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து செஞ்சுதுங்க சார் பசங்க. அத அப்படியே எதிர் டீமுக்குத் தூக்கிக் குடுக்கணுமா?" நியாயமான கேள்வி. அதற்குப் பங்கீடு என்ற சொல்லோடு பதில் சொல்லப் போனால், அவர் பயத்தை நாமே உறுதி செய்கிறோம்.

அவருக்கு நான் சொன்ன பதில் போட்டியின் அமைப்பிலிருந்தே வந்தது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் ரோபோ போட்டிகளில் ஒன்று ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச். அதில் இரண்டு அணிகள் சேர்ந்து இன்னும் இரண்டு அணிகளோடு மோதும். யாரோடு யார் சேர்வது என்பது தகுதிச் சுற்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். காலையில் எதிரே நின்றவன் மதியம் உங்கள் பக்கம் நிற்பான். அவன் கிரிப்பர் நழுவினால் தோற்பது நீங்களும்தான். இறுதிச் சுற்றுகளுக்கு முன்னணி அணிகளின் தலைவர்களே துணை அணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நம் வேலையை உள்ளும் புறமும் பார்த்தவர்கள் நம்மைக் கூப்பிட வாய்ப்பு அதிகம். இப்படி இல்லாமல் ஒற்றைக்கு ஒற்றை மோதுகிற போட்டிகளும் உண்டு. அங்கேயும் கொடுக்கலாம் என்பதே என் கட்சி, ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு கொடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, எதைக் கொடுப்பது? 'சோர்ஸ்' என்ற சொல்லுக்குள் உண்மையில் ஒரு நல்ல கருத்து இருக்கிறது. 'மூலம்' அதை முழுசாக விழுங்கிவிட்டது. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு பள்ளிக் குழுவிடம்.

நான் குறிப்பேடு எழுத உதவுகிற குழுவுக்கு வேறொரு பள்ளியிலிருந்து கிரிப்பர் வடிவமைப்பு வந்தது, எஸ்டிஎல் கோப்பாக. முப்பரிமாண அச்சுப்பொறியில் மஞ்சள் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு எடுத்தார்கள். சர்வோ மோட்டாரின் கொம்பு (அதன் அச்சில் மாட்டுகிற சின்னக் கை) உட்கார வேண்டிய குழி அரை மில்லிமீட்டர் சின்னதாக இருந்தது. எஸ்டிஎல் என்பது மேற்பரப்பை வெறும் முக்கோணங்களாக்கி வைப்பது, குழியின் அளவு அதில் ஓர் எண்ணாக இருக்காது, மாற்றுவது பெரும்பாடு. ஒரு பையன் சூடான சால்டரிங் அயர்னால் குழியைப் பெரிதாக்கப் பார்த்தான். பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் சரிந்தது, அறை முழுக்க நாற்றம். அப்புறம் கூச்சத்தை விட்டு அந்தப் பள்ளிக்கே போன் போட்டார்கள். அவர்கள் கணினியில் வரைந்த கேட் (CAD) கோப்பையே அனுப்பினார்கள். திறந்து, அந்த ஓர் எண்ணை மாற்றி, மறுபடி அச்சுக்கு அனுப்பப் பத்து நிமிடம் ஆகவில்லை.

'சோர்ஸ்' என்பது இங்கே இதுதான்: திருத்துவதற்கு வசதியான வடிவில் இருக்கிற கோப்பு. வடசென்னையின் லேத் பட்டறைகளில் இது எப்போதோ தெரிந்த விஷயம். "பீஸைக் குடுக்காத, டிராயிங்கைக் குடு" என்பார்கள். பீஸ் கையில் இருந்தால் ஒன்று செய்யலாம், டிராயிங் இருந்தால் மாற்றிச் செய்யலாம். பட்டறைத் தொழிலாளியிடம் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு 'ஓப்பன்' என்றால் திறந்த, 'சோர்ஸ்' என்றால் மூலம் என்று ஒட்டினால், சொல் கிடைக்கும், விஷயம் கிடைக்காது. இன்று வரும் கையேடுகளில் பாதி இந்த ஒட்டு வேலைதான்.

என் தேர்வு 'கட்டற்ற வடிவமைப்பு'. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று அழைத்துக்கொள்கிறது, காதுக்குப் புதிதல்ல. 'திறந்த வடிவமைப்பு' என்று மட்டும் சொன்னால் போதாது. போட்டி அரங்கில் எல்லா ரோபோவும் திறந்துதான் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் போட்டோ எடுக்கலாம். பார்க்க விடுவது வேறு, எடுத்து மாற்றிக்கொள்ள விடுவது வேறு. கட்டற்ற என்பது இரண்டாவதைச் சொல்கிறது. கொடுக்கிற கோப்பை 'திருத்தக்கூடிய கோப்பு' என்றே எழுதுங்கள், அதற்கு இனி ஒரு புதுச் சொல் தேவையில்லை.

கட்டற்ற என்றால் நிபந்தனையே இல்லை என்று ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள். எங்கள் தெருவில் காலையில் அவிழ்த்துவிட்ட மாடுகள் நாள் முழுக்கச் சுற்றுகின்றன. கட்டு இல்லை, ஆனால் எந்த மாடு யாருடையது என்று தெருவுக்கே தெரியும். வடிவமைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை கட்டு அவிழ்ந்த பிறகும் நிற்கலாம், பல உரிமங்களில் நிற்கிறது.

சிரித்த வகுப்பிலிருந்தே ஒரு குழு இப்போது தங்கள் கிரிப்பரை வெளியே கொடுக்கிறது. மேசையில் ஓர் அட்டை. மேலே, நான் சொன்னபடி, 'கட்டற்ற வடிவமைப்பு'. அதன் கீழே ஸ்கெட்ச் பேனாவில் அவர்களாகவே எழுதியது: 'எடுத்துக்கோ, மாத்திக்கோ, எங்க பேரப் போடு. பென்டிரைவ் கொண்டு வரவும்.'