கேபிள் பொருந்துகிறது, படம் வரவில்லை

பழைய மானிட்டர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தால் அதன் கேபிளைச் செருக இடமே இல்லை. உடனே இணையத்தில் தேடி, இந்த முனையில் இது, அந்த முனையில் அது என்று இரண்டு பக்கமும் பொருந்துகிற ஒரு கேபிளை வாங்கிவிடுகிறார்கள். செருகினால் கச்சிதமாக உட்காருகிறது. திரையில் மட்டும் ‘நோ சிக்னல்’. மானிட்டர் போய்விட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பலருடைய மானிட்டருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

முனை பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. கம்ப்யூட்டர் என்ன வகை சிக்னலை வெளியே அனுப்புகிறது? மானிட்டர் என்ன வகை சிக்னலை வாங்கிக்கொள்ளும்? படம் எப்போதும் கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்குத்தான் போகிறது. அடாப்டர் விஷயத்தில் இந்தத் திசையை மறந்தால் காசு வீண்.

இரண்டு பக்கமும் திருகு வைத்த, பெரும்பாலும் நீலத் தலையோடு வரும் விஜிஏ என்ற இணைப்பு முறையை ஐபிஎம் 1987-இல் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில், ஏறி இறங்கும் மின்னழுத்தமாகப் போகும். அதாவது அனலாக். 2002 இறுதியில் வந்த ஹெச்டிஎம்ஐயும் 2006-இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட்டும் முழுக்க டிஜிட்டல், அதாவது படம் எண்களாகப் போகும். இரண்டு வகைக்கும் நடுவே வெறும் கம்பியை இழுத்துவிட்டால் வேலை நடக்காது. மாற்றிக்கொடுக்க ஒரு சிப் வேண்டும். சிப் எதுவும் இல்லாமல் ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐ, மறு முனையில் விஜிஏ என்று வெறும் கம்பியாகவும் கேபிள்கள் விற்கின்றன. சாதாரணக் கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் அவற்றால் ஒரு பயனும் இல்லை. ஏன் விற்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சிப் உள்ள கன்வெர்ட்டரும் ஒருவழிப் பாதைதான். ஹெச்டிஎம்ஐ கம்ப்யூட்டரிலிருந்து விஜிஏ மானிட்டருக்குப் போக ஒரு பொருள். விஜிஏ கம்ப்யூட்டரிலிருந்து ஹெச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போக வேறொரு பொருள். இரண்டும் கையடக்கமாக ஒன்றுபோலவே இருக்கும். அட்டைப்பெட்டியில் ‘ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ’ என்று போட்டிருந்தால் முதலில் உள்ளது கம்ப்யூட்டர் பக்கம். விஜிஏவில் ஒலி வராது என்பதால், விஜிஏவிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றுகிறவற்றில் ஒலிக்கென்று தனி வயரும் மின்சாரத்துக்கு ஒரு யூஎஸ்பி வயரும் தொங்கும். இந்த யூஎஸ்பி வயரை ‘எதுக்கு இது’ என்று செருகாமல் விட்டுவிட்டு, டிஸ்ப்ளே வரவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. ஹெச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து 5 வோல்ட் வந்தாலும் அதில் கிடைக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். அதனால் ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுகிறவற்றிலும் சிலவற்றுக்குத் தனி யூஎஸ்பி மின்சாரம் தேவைப்படும். படம் வந்து வந்து போனால் முதலில் அதைப் பாருங்கள்.

கன்வெர்ட்டரைத் தேடும் முன் மானிட்டரைக் குப்புறக் கவிழ்த்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. விஜிஏ மட்டும்தான் என்று நினைத்த பல மானிட்டர்களில் பக்கத்திலேயே, பெரும்பாலும் ரப்பர் மூடியோடு, வெள்ளை நிற டிவிஐ போர்ட் ஒன்று இருக்கும். இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. 1999-இல் வந்த டிவிஐயின் டிஜிட்டல் சிக்னலைத்தான் ஹெச்டிஎம்ஐயும் அடிப்படையாகக் கொண்டது. ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவே சிப் வேண்டாம், சாதாரணக் கேபிளே போதும். எந்தத் திசையிலும் போகும். ஒலியை மட்டும் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. அனலாகுக்கு மாறி வரும் படத்தைவிட இதில் எழுத்துகள் தெளிவாகவும் இருக்கும்.

டிவிஐயில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அதன் ஓரத்தில் உள்ள தட்டையான பட்டை. பட்டையைச் சுற்றி மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு சின்னத் துளைகள் இருந்தால் அது ‘டிவிஐ-ஐ’ (DVI-I) வகை. அனலாகும் வரும், சாதாரண விஜிஏ அடாப்டர் போட்டாலே படம் கிடைக்கும். துளைகள் இல்லாமல் பட்டை மட்டும் இருந்தால் ‘டிவிஐ-டி’ (DVI-D) வகை. அதில் அனலாக் கிடையாது. அந்தத் துளைகளுக்கான நான்கு பின் (ஊசி) உள்ள விஜிஏ அடாப்டர் இதற்குள் நுழையாது. நுழையவில்லையே என்று குறடால் அந்த நான்கு பின்களையும் ஒடித்துவிட்டுச் செருகியவர்கள் உண்டு. அப்போது உள்ளே போய்விடும், உண்மைதான். ஆனால் படத்தைக் கொண்டுவரும் பின்களே அவைதான். என்விடியா 2016-இல் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1080, 1070 கிராபிக்ஸ் கார்டுகளிலேயே (கம்ப்யூட்டருக்குள் படத்தை உருவாக்கும் அட்டை) டிவிஐயிலிருந்து அனலாக் போய்விட்டது. எனவே கார்டில் வெள்ளை போர்ட் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அடாப்டர் வாங்காதீர்கள்.

பின்கள் பற்றிப் பேசும்போதே ஒன்று. விஜிஏ கேபிளின் தலையில் நடு வரிசையில் ஒரு பின் இல்லாமல் இருந்தால் உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த ஒன்பதாவது பின் இல்லாமலே நிறையக் கேபிள்கள் தயாராகின்றன. வளைந்த பின்தான் பிரச்சினை. 12, 15 ஆகிய பின்கள் வழியாகத்தான் மானிட்டர் தன் அளவு விவரங்களைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அவை தொடாவிட்டால் படம் வரும், ஆனால் மானிட்டரின் சரியான ரெசல்யூஷன் (திரையின் புள்ளி அளவு) கம்ப்யூட்டர் காட்டும் பட்டியலிலேயே இருக்காது. எல்லாம் பெரிதாக, மங்கலாகத் தெரியும்.

இப்போது அதிகம் பேர் மாட்டிக்கொள்வது டிஸ்ப்ளேபோர்ட்டில். கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ என்றால் கவலையில்லை. பெரும்பாலான கம்ப்யூட்டர்களின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு ஹெச்டிஎம்ஐ சிக்னலையும் அனுப்பத் தெரியும். எளிய கேபிளே போதும். அதே கேபிளைத் திருப்பி, ஹெச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப்பையும் டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரையும் இணைத்தால் ஒன்றும் வராது. அதற்குச் சிப்பும் மின்சாரமும் உள்ள தனி கன்வெர்ட்டர் வேண்டும். ஒரே கேபிள், ஒரே முனைகள், ஒரு பக்கம் வேலை செய்கிறது, மறுபக்கம் செய்யவில்லை என்றால் யாருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். அப்புறம், டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாற்றியதிலிருந்து கம்ப்யூட்டரே சரியாக ஆன் ஆகவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். விதிப்படி கேபிளில் இணைக்கக் கூடாத 20-வது பின்னைச் சில மலிவு கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். அதன் வழியாக மானிட்டரிலிருந்து மின்சாரம் திரும்பிக் கம்ப்யூட்டருக்குள் போகிறது.

லேப்டாப்பில் உள்ள எல்லா யூஎஸ்பி-சி போர்ட்டிலும் படம் வராது. பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது தண்டர்போல்ட் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லை என்றால் மாடல் எண்ணைப் போட்டு உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். மானிட்டரின் பின்னால் இருக்கும் சதுரமான யூஎஸ்பி போர்ட்டும் சாதாரணமாகப் படத்துக்கானது அல்ல. மானிட்டரில் கீபோர்டு, பென் டிரைவ் எல்லாம் செருகிக்கொள்வதற்கு மட்டும்தான் அது.

கிராபிக்ஸ் கார்டு தனியாக உள்ள கம்ப்யூட்டரில், சரியான கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகிவிட்டு அடாப்டரைத் திட்டுவதும் நடக்கிறது. கார்டின் போர்ட்டில் செருகிப் பார்த்துவிட்டு, மானிட்டரின் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம் ஆகாது.

ஒரு போர்ட்டும் ஒத்துவராதபோது சாதாரண யூஎஸ்பியிலிருந்து ஹெச்டிஎம்ஐ கொடுக்கும் அடாப்டர் இருக்கிறது. மெயில் பார்க்க, டைப் செய்ய இரண்டாவது திரையாக வைத்துக்கொள்ளலாம், விளையாட்டுக்குச் சரிப்படாது. மென்பொருள் ஏறிய பிறகுதான் அதில் படமே வரும் என்பதால், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தெரியும் முதல் திரைகளும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையும் அதில் தெரியாது. ஆகவே கம்ப்யூட்டருக்கு இருக்கும் ஒரே மானிட்டரை இதில் மாட்டாதீர்கள்.