மூச்சு சீக்கிரம் திரும்பும், குதிகால் நாண் மெதுவாகத்தான்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புது ஆற்றங்கரையும் குடமுருட்டிக் கரையும் சேறாகிக் கிடக்கும். அப்போது ஓட்டத்தை நிறுத்தி ஷூவைக் கழற்றும் தஞ்சாவூர், திருவையாறு பக்கத்து ஆட்கள் பலர் பொங்கல் முடிந்துதான் அதைத் தேடுவார்கள். முதல் நாளே மூச்சு இரைக்கும். பழகியதெல்லாம் போய்விட்டது என்று தோன்றும். அப்படியெல்லாம் போய்விடாது.

முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. பயிற்சியை விட்ட ஓரிரு வாரத்திலேயே அது இறங்கிவிடும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் குறைவதால், அதே வேகத்துக்குக் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். எட்வர்ட் காயிலும் குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பழகிய 7 பேர் பயிற்சியை 84 நாள் நிறுத்திவைத்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் முதல் 3 வாரத்துக்குள் 7 சதவீதம் குறைந்தது, 8 வாரத்தில் 16 சதவீதம். அதற்குமேல் சரியவில்லை. தசையில் பெருகியிருந்த நுண்ணிய இரத்தக்குழாய்கள் அப்படியே இருந்தன. இது வருடக்கணக்கில் பழகியவர்களின் கணக்கு. சமீபத்தில் தொடங்கியவருக்கு இவ்வளவு மிஞ்சாது.

மறுபடி தொடங்கினால் பிளாஸ்மா சில நாளிலேயே ஏற ஆரம்பிக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் மூச்சு சீராகி, பழைய வேகம் எட்டிவிடும்போல இருக்கும். ஆபத்தே அங்கேதான். ஓடும்போது ஒவ்வொரு அடியும் உடல் எடையைப்போல் 2, 3 மடங்கு விசையோடு தரையில் விழுகிறது. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிகால் நாண் தாங்குவது அதைவிட அதிகம். நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது வலுப்பட மாதங்கள் ஆகும். நன்றாக ஓடியபின் முதல் ஒரு நாள் அதில் சிதைவுதான் மிகுந்திருக்கும், நாணின் இழைப்பொருளான கொலாஜன் புதிதாகச் சேர்வது அதற்கப்புறமே முந்தும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடச் சொல்வது. எலும்போ இன்னும் விசித்திரம். சுமை கூடியதும் பழைய பகுதியை முதலில் அரித்தெடுக்கும். அதற்குச் சில வாரம். அந்தப் பள்ளத்தை நிரப்பிக் கெட்டிப்படுத்த மாதங்கள். அந்த இடைவெளியில் ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால்தான் கீழ்க்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. விரலால் அழுத்தினால் ஒரே இடத்தில் சுருக்கென்று வலிக்கிறதா? அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சைக்கிளில் அந்த அடி கிடையாது. இதயத்துக்கு முழு வேலை கொடுக்கலாம், எலும்பும் நாணும் தப்பிக்கும். ஆகவே முதல் இரண்டு மாதம் மூச்சுக்கான உழைப்பைப் பெரும்பாலும் சைக்கிளிடம் விட்டுவிட்டு, ஓட்டத்தை நடையோடு கலந்து சிறிதாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

சரி, டெல்டாவில் மேடு கிடையாதே, மிதிப்பது சுலபம்தானே? காற்று இருக்கிறது. தையில் தொடங்குபவருக்குப் பெரிய தொல்லையில்லை. ஆனி, ஆடியில் தொடங்குபவர் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது எதிரே அதே வேகத்தில் காற்று வந்தால், உடம்பில் மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. எதிர்ப்பு 4 மடங்கு. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர். போகும்போது முதுகில் தள்ளிவிடும் காற்று, களைத்துத் திரும்பும்போது முகத்தில் அறையும். கும்பகோணத்துக்காரர்கள் ஆடியில் பாபநாசம் பக்கமாகக் கிளம்பினால், கால் புதிதாக இருக்கும்போதே காற்றைச் சமாளித்துவிட்டு, வீடு திரும்பும்போது லேசாக மிதித்து வந்துவிடலாம்.