ஹமார்ஷியா: பாவமா, குறையா, பிழையா?

மிகுபுனைவுக் (ஃபேன்டசி) கதைகளை அலசுகிறவர்கள் ‘ஹமார்ஷியா’ என்ற கிரேக்கச் சொல்லை அடிக்கடி எடுக்கிறார்கள். நல்லவன் ஒருவன் சறுக்கும் இடத்தைக் காட்டி, அதுதான் அவனுடைய ஹமார்ஷியா என்பார்கள். தமிழில் சிலர் இதைக் ‘குணக்குறை’ என்று எழுதுகிறார்கள், சிலர் ‘பாவம்’ என்கிறார்கள். இரண்டுமே அந்தப் பாத்திரம் செய்யாத குற்றத்தை அதன் தலையில் ஏற்றிவிடுகின்றன.

கிரேக்கத்தில் இச்சொல்லின் வினைவடிவத்துக்குக் குறி தப்புதல் என்று பொருள். ஹோமரின் இலியட்டில், எறிந்த ஈட்டி எதிரியைத் தொடாமல் போகும் இடங்களில் இந்த வினைதான் வருகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலின் 13ஆம் அத்தியாயத்தில் ஹமார்ஷியாவைத் துன்பியல் நாடகத்தோடு இணைத்தார். நாயகன் அப்பழுக்கில்லாத உத்தமனாகவும் இருக்கக் கூடாது, கயவனாகவும் இருக்கக் கூடாது. இடைப்பட்டவன் ஒருவன் ஏதோ ஒரு ஹமார்ஷியாவால் வீழ வேண்டும் என்கிறார். அவர் காட்டும் ஆள் கிரேக்க நாடகத்தில் வரும் அரசன் ஈடிபஸ். தந்தை என்று தெரியாமல் கொன்றான், தாய் என்று தெரியாமல் மணந்தான். அவன் முன்கோபக்காரனாக இருக்கலாம். ஆனால் அவனை வீழ்த்தியது அவனுக்குத் தெரியாமல் இருந்த உண்மை.

பிறகு கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில் அதே சொல் கடவுளுக்கு எதிரான குற்றத்தைக் குறித்தது. தமிழ் விவிலியத்தில் அது ‘பாவம்’ ஆனது. அங்கே அது சரி. ‘குணக்குறை’ ஆங்கில விமர்சகர்கள் வழியாக வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பிழை’ என்பேன். ஏதோ ஒப்புக்கு வைக்கும் சொல் இல்லை இது. “கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது” என்ற குறளில் (772) பிழைத்த வேல் என்பது யானை மேல் எறிந்து குறி தப்பிய வேல். ஹோமரின் ஈட்டி செய்ததைத்தான் வள்ளுவரின் வேலும் செய்கிறது. அற நோக்கிலும் இதே சொல் சிலப்பதிகாரத்தில் நிற்கிறது. பாண்டியன் கொடியவன் இல்லை. பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் நம்பினான். “சினையலர் வேம்பன் தேரான் ஆகி” என்று இளங்கோ அந்த நொடியைக் குறிக்கிறார். உண்மை தெரிந்ததும் அவன் தனக்குத் தானே தீர்ப்பு எழுதுகிறான்: “யானோ அரசன் யானே கள்வன்”. அடுத்த மூச்சிலேயே, மக்களைக் காக்கும் காவல் “என்முதல் பிழைத்தது” என்கிறான். ஹமார்ஷியாவுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் வரி எனக்குத் தெரியவில்லை.

டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் வரும் போரோமிர் என்ற வீரனை இந்தச் சொல்லை வைத்துப் பாருங்கள். தீய சக்தி கொண்ட மோதிரத்தை யாரும் ஆயுதமாக்க முடியாது என்று அவனுக்குச் சொல்லியாயிற்று. ஆனாலும் அதைக் கொண்டு தன் நகரத்தைக் காத்துவிடலாம் என்று நம்பி, அதைச் சுமந்து செல்லும் ஃப்ரோடோவிடமிருந்து பறிக்கப் பாய்கிறான். அவன் வைத்த குறி நல்லது, கை போன இடம்தான் தப்பு. மயக்கம் தெளிந்ததும் கதறுகிறான். சிறிய உருவத் தோழர்கள் இருவரைக் காக்கப் போரிட்டே சாகிறான். அவனைப் பாவி என்று எழுதினால் இந்தக் கடைசிப் போருக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

நீதியைப் பற்றிப் பேசும்போதும் அரிஸ்டாட்டில் இதே வேரிலிருந்து வந்த சொல்லை வைத்து ஒரு கோடு கிழிக்கிறார். ‘நிக்கோமாக்கிய அறவியல்’ 5ஆம் பகுதியில் ஒருவர் செய்யும் தீங்கை விபத்து, பிழை, அநீதி என்று பிரிக்கிறார். தெரிந்து செய்தாலும், ஆத்திரத்தில் திட்டமிடாமல் செய்தவன் செய்தது அநீதி. ஆனால் அவன் அநீதியாளன் ஆகிவிடுவதில்லை என்கிறார். செயலுக்கும் ஆளுக்கும் தனித்தனித் தீர்ப்பு. கதை வாசிக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி.

ஃப்ரோடோவின் நிலை வேறு. நெருப்பு மலையின் விளிம்புவரை மோதிரத்தைச் சுமந்து வந்தவன், அதை நெருப்பில் எறிந்து அழிக்க வேண்டிய நேரத்தில் அது என்னுடையது என்கிறான். இதைப் பிழை என்றுகூடச் சொல்ல மாட்டேன். தாங்கும் எல்லை தாண்டிப்போன உயிரின் நொய்மை அது. அவன் தோற்றது அறத்தின் தோல்வி என்று தாம் நினைக்கவில்லை என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். முன்பு ஃப்ரோடோ இரக்கப்பட்டுக் கொல்லாமல் விட்ட, மோதிரத்துக்கு அடிமையான ‘கோலம்’ (Gollum) என்பவன்தான் அங்கே மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறான்.

அப்புறம், ஹமார்ஷியாவோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் ‘அக்ரேசியா’. ‘க்ராட்டோஸ்’ என்றால் வலிமை, ஆட்சி. அது தன்மேல் இல்லாத நிலை அக்ரேசியா. தவறு என்று தெரிந்தும் செய்வது. சி. எஸ். லூயிஸின் நார்னியா கதையில் வரும் சிறுவன் எட்மண்டுக்கு, வெள்ளைச் சூனியக்காரி கொடியவள் என்பது அடிமனதில் தெரியும். இருந்தும் மந்திர இனிப்புக்கும் பதவி ஆசைக்கும் மயங்கி அவளிடம் போகிறான். அறிவு தவறவில்லை, உறுதிதான் இல்லை. “வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்” என்ற குறளிலிருந்து சொல் எடுத்து, இதை ‘மனத்திட்பமின்மை’ என்று எழுதலாம்.