எங்கே கையெழுத்துப் போடணும்?

ஆண்டுக் கணக்கு முடிகிற நேரத்தில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தணிக்கை அலுவலகப் படியேறி வருகிற கம்பெனி இயக்குநர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "தம்பி, எங்கே கையெழுத்துப் போடணும்?" லாபமா நட்டமா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். மஞ்சள் தாள் ஒட்டிய பக்கங்களை மட்டும் புரட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். அப்புறம் கீழே இறங்கி ஒரு தே தாரேக்.

அந்தக் கையெழுத்துகளில் ஒன்று சத்தியப் பிரமாணம். மலேசியாவின் 2016 நிறுவனச் சட்டத்தின் 251-வது பிரிவு கேட்பது அது. 'எனக்குத் தெரிந்தவரை இந்தக் கணக்கு சரி' என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் சொல்லிப் போடும் கையெழுத்து.

அமெரிக்காவில் 2001 டிசம்பரில் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம், கணக்கு மோசடி வெளியே வந்து திவாலானது. அதற்குப் பிறகும் அங்கே சட்டம் கொண்டுவரும் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 2002 ஜூனில் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம், 380 கோடி டாலர் செலவைச் சொத்தாக எழுதியிருந்ததை ஒப்புக்கொண்டது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மாதா மாதம் கட்டும் கடை வாடகையை 'இயந்திரம் வாங்கினேன்' என்று எழுதுவது மாதிரி. செலவு மறையும், லாபம் வீங்கும். அடுத்த மாதமே சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் வந்துவிட்டது. பொய் என்று தெரிந்தும் வேண்டுமென்றே கணக்குக்குச் சான்று சொல்லும் தலைமை அதிகாரிக்கு 20 ஆண்டு வரை சிறை. 'கணக்குப்பிள்ளை பார்த்துக்கொண்டார்' என்ற சாக்குக்கு வைத்த பூட்டு அது.

நம் நாட்டுக் கதை டிரான்ஸ்மைல். விமானச் சரக்கு நிறுவனம். வருமானத்தைப் பல கோடி ரிங்கிட் கூட்டிக் காட்டியது 2007-ல் சிறப்புத் தணிக்கையில் வெளியே வந்தது. என்னை உறுத்துவது 2011-ல் வந்த தீர்ப்பு. கோலாலம்பூர் அமர்வு நீதிமன்றம் ஓராண்டுச் சிறையும் 300,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது முன்னாள் சுயேச்சை இயக்குநர்கள் இருவருக்கு. தினமும் ஆபீஸில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்கள் அல்ல. கணக்கை மேற்பார்க்கும் தணிக்கைக் குழுவில் இருந்தவர்கள். பொய்யான காலாண்டு அறிக்கை தெரிந்தே வெளியே போக அனுமதித்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. இடையே சட்டத்தைத் திருத்தி, 2010-ல் தணிக்கையாளர்களுக்கே ஒரு கண்காணிப்பு வாரியம் அமைத்தார்கள். எங்களுக்கும் ஒரு கங்காணி வேண்டும்தானே.

பெரிய கம்பெனி கதை நமக்கெதற்கு என்பீர்கள். தொழில் பழகிய காலத்தில் ஓரிடத்தில் பார்த்தேன்: டிசம்பர் 30, 31 தேதிகளில் திடீரென்று பதினோரு பெரிய விற்பனை பில்கள். சரக்கு பெற்றுக்கொண்ட கையெழுத்து எல்லாவற்றிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஜனவரி இரண்டாம் வாரம் பதினொன்றும் 'சரக்கு திரும்பியது' என்று ரத்து. முதலாளி சங்கடமே இல்லாமல் சொன்னார்: "பேங்க் லோன் புதுப்பிக்கணும் தம்பி, அதுக்குத்தான்." பில்லை அடித்தது ஒரு கிராணிப் பெண். அவர் மாதிரி ஆட்களுக்காகத்தான் 2010 தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அமலாக்க நிறுவனத்திடம் சொன்னால்தான் பாதுகாப்பு; ஃபேஸ்புக்கில் போட்டால் கிடையாது.

சிறிய நிறுவனங்களில் சிலவற்றுக்கு இப்போது தணிக்கை விலக்கு உண்டு. அதைக் கேட்டதும் பலர் பில்களைக் குப்பையில் போடத் தயாராகிறார்கள். கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டு வைத்திருக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது. தவறினால் 500,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

போன மாதம் ஓர் அக்கா வந்தார். தம்பி நடத்தும் கம்பெனியில் பெயருக்கு இயக்குநர். கையெழுத்து வாங்காமல், "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு வாங்கக்கா" என்று கட்டைக் கையில் கொடுத்துவிட்டேன். முகம் சுளித்துக்கொண்டே போனார். ராத்திரி ஒன்பதரைக்குப் போன்.

"தம்பி, பதினேழாம் பக்கத்துல இயக்குநர் கம்பெனிக்குத் தரவேண்டியது 80,000 வெள்ளின்னு என் பேர் போட்டிருக்கே. நான் எப்பய்யா வாங்கினேன்?"