"உடுப்பு" என்று எழுதிய பெட்டி

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்து மூன்றாம் நாள். கோண்டாவிலில் மாமி வீட்டு விறாந்தையில் ஒரு மட்டைப்பெட்டி, அதைச் சுற்றிப் பாதி வீடு. மிளகாய்த்தூள், ஒடியல் மா, பினாட்டு, பனங்கட்டி, ஊறுகாய்ப் போத்தல், பூசைக்குக் கற்பூரம், இரண்டு சேலை, பேரனுக்கு ஒரு பவர் பேங்க். மகள் இருப்பது கனடாவில், டொரொண்டோவில் இல்லை, ஒன்டாரியோ மாகாணத்தின் வடபகுதியில் ஒரு சின்ன ஊரில். பவர் பேங்கைச் சேலை மடிப்புக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் ஏன் மாமி என்று கேட்டேன்.

"பார்சல் கடையில காட்டினா வேண்டாம் எண்டுவாங்கள் தம்பி. உடுப்பு எண்டு எழுதினா ஒருத்தரும் திறந்து பாக்கமாட்டினம்."

உண்மைதான். நானும் திறந்து பார்ப்பதில்லை. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பறப்பதுதான் என் வேலை.

பார்சல் என்றால் பெரிய விமானம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. லொறியில் கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் பெரிய விமானம் ஏறி, கடல் தாண்டி இறங்கினாலும், இப்படியான ஊர்களுக்குக் கடைசித் துண்டு வழி செஸ்னா கரவான் மாதிரி ஒற்றை எஞ்சின் விமானத்தில்தான் பல நேரம் போகிறது. அதில் ஒரே ஒரு விமானி. விடிய மூன்றரைக்கு எழும்பி, மைனஸ் முப்பதில் எஞ்சினுக்குப் போர்த்தியிருக்கும் போர்வையைக் கழற்றி, இறக்கையில் படிந்த உறைபனியை நீக்கி, பெட்டிகளையும் நானே தூக்கி ஏற்றி, வலை போட்டு இறுக்கி, அப்புறம்தான் ஓட்டுவது. நான் வெள்ளைச் சட்டையோடு கையை வீசிக்கொண்டு போய் ஏறுவேன் என்று ஊரில் நினைக்கிறார்கள். முதுகுவலி மருந்து வாங்கத்தான் என் சம்பளத்தில் பாதி போகிறது.

சரி, பவர் பேங்குக்கு வருவோம். உள்ளே இருப்பது லித்தியம் அயன் மின்கலம். நசுங்கினாலோ, உள்ளே ஷோர்ட் ஆனாலோ ஒரு கலம் சூடேறும், அந்தச் சூடு பக்கத்துக் கலத்தைக் கிளப்பும், அது அடுத்ததை. தீயணைக்கும் வாயு சுவாலையை அடக்கும், ஆனால் சூட்டை எடுக்காது, அதனால் அணைந்தது திரும்பவும் பிடிக்கும். 2010 செப்டம்பர் 3 அன்று டுபாயிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்பிய யூ.பி.எஸ். நிறுவனத்தின் 747 சரக்கு விமானத்தில் தீப்பிடித்தது. ஏற்றியிருந்தவற்றில் நிறைய லித்தியம் பற்றரிகள். விமானி அறைக்குள் வந்த புகையில் கருவிகளைக்கூடப் பார்க்க முடியவில்லை. தீ எச்சரிக்கை ஒலித்து அரை மணித்தியாலத்துக்குள் விமானம் விழுந்து, இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அவ்வளவு பெரிய விமானத்துக்கே அந்தக் கதி. என் கரவானில் இருப்பது கையில் தூக்கும் ஒரு தீயணைப்பான், எனக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு வலை. கீழே பார்த்தால் காடும் உறைந்த ஏரியும்தான், அடுத்த ஓடுபாதைக்குச் சில நாட்களில் நாற்பது நிமிடம்.

கருவிக்குள் இல்லாமல் தனியாக இருக்கும் லித்தியம் அயன் பற்றரிகளை (பவர் பேங்கும் இதில் சேர்த்தி) பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் உலகம் முழுக்கத் தடை. சரக்கு விமானத்தில் என்றாலும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது, பெட்டியில் அதற்கான லேபல் ஒட்டியிருக்க வேண்டும். பயணி ஒருவர் தன் கைப்பையில் கொண்டுபோவது வேறு கதை, 100 வாட் மணிக்குள் இருந்தால் பொதுவாக விடுவார்கள் (வாட் மணி என்பது மின்கலம் தேக்கும் சக்தியின் அளவு, பவர் பேங்கில் 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 74 வாட் மணி). கைப்பையில் புகைந்தால் ஆட்கள் பார்த்துத் தண்ணீர் ஊற்றலாம். சேலைக்குள் சுருட்டியது புகைந்தால் யாருக்குத் தெரியும்?

கற்பூரமும் அப்படித்தான், அது எரிபற்றும் திடப்பொருள் பட்டியலில் இருக்கிறது. கொப்பறாவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், எண்ணெய்ப் பசையால் அது தானாகவே சூடேறும் என்று ஆபத்தான பொருட்களில் சேர்த்திருக்கிறார்கள். ஊறுகாய் ஆபத்தில்லை. ஆனால் கரவானின் உட்பகுதிக்குக் காற்றழுத்தம் கொடுப்பதில்லை, பத்தாயிரம் அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய 70 வீதம்தான். மூடி சரியில்லாத போத்தல் கக்கிவிடும். ஒருமுறை நல்லெண்ணெய் கசிந்து தரைத் தகட்டுக்குக் கீழே போய், ஒரு மாதம் என் விமானம் தோசைக் கடை மாதிரி மணத்தது.

இனி நிறை. பொய்களில் எனக்கு மிகவும் பயம் இதில்தான். கரவானில் சரக்கு வைக்கும் இடம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பகுதியில் எத்தனை கிலோ என்று கூட்டித்தான் ஈர்ப்பு மையம், அதாவது மொத்தப் பாரமும் சமநிலையாகும் புள்ளி, எங்கே விழுகிறது என்று பார்க்கிறோம். பின்பக்கம் கனத்தால், தரையில் நிற்கும்போதே வால் குந்திவிடும் என்று ஏற்றும்போது வாலுக்கு முட்டுக் கொடுக்கிறோம். ஒரு நாள் ஒரே ஆள் அனுப்பிய ஆறு பெட்டி, ஒவ்வொன்றிலும் 18 கிலோ என்று எழுதியிருந்தது. அவசரத்தில் நம்பிப் பின்னால் அடுக்கிவிட்டேன். கிளம்பும்போது நான் இழுக்க முதலே மூக்கு மேலே எழும்பியது, சில்லு தரையை விட்டதும் இரண்டு கையாலும் முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் சுற்றி வந்து இறங்கினேன். நிறுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் 31 கிலோ. அன்று இறக்கையில் பனிக்கட்டி படிந்திருக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து தராசு இல்லாமல் ஒரு பெட்டியையும் ஏற்றுவதில்லை, தாமதம் என்று யார் கத்தினாலும்.

இதையெல்லாம் மாமியிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "பவர் பேங்க் அங்க கடையில வாங்கலாம் மாமி, இதை எடுங்கோ. மிச்சத்தை உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ, மிளகாய்த்தூளுக்கு ஒருத்தரும் ஏசமாட்டினம்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்துத் தந்தார். போத்தல் மூடியில் டேப் சுற்றச் சம்மதித்தார். கற்பூரப் பெட்டியை மட்டும் காணவில்லை. பினாட்டுக்கு அடியில் இருக்கும் என்று நினைக்கிறேன், மாமி நித்திரையானதும் பெட்டியைத் திரும்ப அவிழ்க்க வேண்டும்.