அல்சைமர் வந்த வீட்டில் கவனிக்க வேண்டியவர்கள் இருவர்

மறதியில் தொடங்கி மூளையை மெல்லச் சிதைக்கும் அல்சைமர் நோயைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலரும் முதலில் குறிப்பிடுவது, 2005-இல் பிளெஸ்ஸி இயக்கத்தில் மோகன்லால் நடித்து வெளிவந்த ‘தன்மாத்ரா’ என்ற மலையாளப் படத்தைத்தான். தலைமைச் செயலக ஊழியர் ஒருவரை நடுவயதிலேயே இந்நோய் பீடிப்பதை அது காட்டியது. நோயின் பெயரை வீடுகளுக்குள் கொண்டுவந்த நல்ல படம் அது. ஆனால் நடுவயதில் வருவது அரிது. பெரும்பாலும் 65 வயதுக்குப் பிறகே இது தலைகாட்டுகிறது. மனநல மருத்துவராக நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த முதிய தம்பதியர். அவர்கள் வீட்டு நிலவரத்துக்கு நெருக்கமாக எனக்குப் படுவது, சாரா பாலி இயக்கிய ‘அவே ஃப்ரம் ஹெர்’ (2006) என்ற கனடா நாட்டுப் படம்.

அதில் ஃபியோனா என்ற முதிய மனைவி, கழுவித் துடைத்த வாணலியைக் கொண்டுபோய் ஃப்ரீசருக்குள் வைக்கிறார். கணவர் கிராண்ட் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நோய் முதலில் தெரியவருவது மருத்துவருக்கு அல்ல, கூட வாழ்பவருக்கு என்பதை அந்தக் காட்சி சரியாகப் பிடித்திருக்கிறது. ஆனால் தெரிந்ததைத் துணைவர் வெளியில் சொல்கிறாரா என்பதுதான் என் அனுபவத்தில் பெரிய கேள்வி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த எழுபது கடந்த ஓர் அம்மாவிடம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. தலையைத் திருப்பிக் கணவரின் முகத்தைப் பார்த்தார். “புட்டும் பயறும், டாக்டரே” என்றார் கணவர். பேரப்பிள்ளைகள் எத்தனை பேர், இது எந்த மாதம் என்று கேட்டபோதும் அதே திருப்பல், கணவரிடமிருந்தே பதில். “வயசாச்சுல்லா, ஓர்மை கொஞ்சம் கொறவு, அவ்வளவுதான்” என்று அவர் சிரித்தார். கணவரைத் தனியே உட்கார வைத்துக் கேட்டபோதுதான் முழு விவரமும் வந்தது. அந்தப் புட்டை அவித்தவரே அவர்தான். இரண்டு ஆண்டுகளாக அடுப்படி அவர் கையில் இருக்கிறது. மீன்காரியிடம் சில்லறை எண்ணி வாங்குவதும், வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். வளைகுடாவிலிருந்து மகன் பேசும்போது ஃபோனை ஸ்பீக்கரில் வைத்து, பேரனின் பெயரை மனைவியின் காதோரம் மெதுவாக எடுத்துக் கொடுக்கிறார். மகனுக்கு அம்மாவின் குரல் கேட்கிறது, பேச்சும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எப்படிச் சந்தேகம் வரும்?

இவ்வாறு பதிலுக்காகத் துணைவரைத் திரும்பிப் பார்ப்பதை நாங்கள் ஒரு முக்கியமான அறிகுறியாகவே கொள்கிறோம். நீண்ட இல்லறத்தில் ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துச் செய்வது இயல்பு. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, அன்புதான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்க, பெற்றோர் இருவர் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் நிறைந்த இம்மாவட்டத்தில், அந்த அன்பே நோயைப் பல ஆண்டுகள் மறைத்துவிடுகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் (டிமென்ஷியா) இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது; அதில் அல்சைமர்தான் மிகுதி. தாமதத்தால் வரும் இழப்பு ஒன்றல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மூளையுறைக்கு அடியில் தேங்கிய இரத்தம் ஆகியவையும் இதே மறதியை உண்டாக்கும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்காமல் ‘வயசு’ என்று ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. அல்சைமர்தான் என்று உறுதியானால் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் போன்ற மருந்துகள் நோயைக் குணப்படுத்தா. சிலருக்கு அறிகுறிகளைச் சிறிது காலம் தாங்கிப் பிடிக்கும்.

மறைக்கப்படுவது மறதி மட்டுமல்ல. எண்பதை நெருங்கிய ஒரு பெரியவர், ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்ட வருகிறவரோடு மனைவியைச் சேர்த்துப் பேசத் தொடங்கினார். அந்த அம்மா அதை ஓராண்டு யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் எந்த வாயால் சொல்வது என்று என்னிடம் கேட்டார். இந்நோயின் வரலாறே இப்படித்தான் தொடங்குகிறது. 1901-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, 51 வயதான ஆகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணிடம் முதலில் காணப்பட்ட அறிகுறி, கணவர் மீது எழுந்த கடும் சந்தேகம். கணவர் பெயர் என்ன என்று மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் கேட்டபோது, அவர் சொன்னது தன் பெயரையே. 1906-இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த அல்சைமர், அதில் கண்ட மாற்றங்களை அவ்வாண்டே மருத்துவர்கள் கூட்டத்தில் விவரித்தார். அந்த அம்மாவிடம் இதை விரிவாகச் சொன்னேன். தன் நடத்தை மீது விழுந்த பழி அல்ல, நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட ஒரு நோய்க்குறி என்று தெரிந்ததும், அன்றே மகளை வரச்சொல்லிப் பேசினார். இத்தகைய சந்தேகத்தோடு வாதாடிப் பயனில்லை. சத்தியம் செய்வதும் உதவாது. பேச்சை மாற்றி, கையைப் பிடித்து வேறு இடத்துக்கு அழைத்துப் போவதே உதவும். கைநீட்டும் அளவுக்குப் போனால் உடனே மருத்துவரிடம் வர வேண்டும்.

அந்தக் கனடியப் படத்தில் ஃபியோனா ஒரு காப்பகத்தில் சேர்கிறார். சேர்ந்த முதல் முப்பது நாட்கள் உறவினர் பார்க்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. (இத்தகைய விதி நோயாளிக்கு நல்லது செய்யும் என்று நான் நம்பவில்லை, பழகிய முகம்தான் அவர்களுக்குக் கடைசிப் பிடிமானம்.) கிராண்ட் திரும்பி வரும்போது, ஃபியோனா உடனிருக்கும் ஆப்ரே என்ற நோயாளியிடம் பெரும் ஒட்டுதலோடு இருக்கிறார், கணவரிடம் அறிமுகமற்றவரிடம் காட்டும் மரியாதையைக் காட்டுகிறார். முன்பு தான் செய்த துரோகத்துக்கு இது தண்டனையோ என்று கிராண்ட் கலங்குகிறார். அதே கலக்கத்தை இங்கும் காண்கிறேன். “நான் அவளுக்கு என்ன குறை வச்சேன்?” என்று கேட்காத கணவர் குறைவு. இது இல்லறத்தின் மீதான தீர்ப்பு அல்ல. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதி முதலில் சிதைவதால் அண்மைக்காலம் அழிந்து, இளமைக்காலம் மிஞ்சுகிறது. அவர் தேடுவது முப்பது வயதுக் கணவரை; எதிரே நிற்பதோ நரைத்த ஒரு பெரியவர். மாலை மங்கியதும், கட்டி நாற்பதாண்டான வீட்டில் இருந்துகொண்டே “எனக்க வீட்டுக்குப் போணும்” என்று புறப்படுவதும் இதனால்தான். இதுதான் உன் வீடு என்று அதட்டினால் பதற்றம் ஏறும். சரி போகலாம் என்று முற்றத்தில் இரண்டு சுற்று நடத்திக் கூட்டிவந்து ஒரு காப்பி கொடுத்தால் பல நாள் அடங்கிவிடுகிறார்கள். குளமும் கால்வாயும் கிணறும் நிறைந்த ஊர் இது. வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கண்ணில் படாத உயரத்தில் வைப்பதையும், சட்டைப்பையிலோ வளையலிலோ பெயரும் தொலைபேசி எண்ணும் இருப்பதையும் முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும்.

அந்தப் படத்தில் நான் மிகவும் மதிப்பது, காப்பகத்துக்குப் போகும் முடிவை ஃபியோனாவே எடுப்பதை. நம் வீடுகளிலோ நோயின் பெயரை நோயாளியிடமே மறைக்கிறார்கள். தொடக்க நிலையில் அவரால் புரிந்துகொள்ளவும் முடிவெடுக்கவும் முடியும். எங்கே, யாரோடு இருக்க விரும்புகிறார் என்று அப்போதே அவரிடம் கேட்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவதையும் உயில் எழுதுவதையும் ஓய்வூதிய ஏற்பாடுகளையும் இந்தக் காலத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

துணைவர்களைப் பற்றி இன்னும் ஒன்று. இரவில் உறங்காத நோயாளியைப் பார்ப்பவரும் உறங்குவதில்லை. அவர் பெரும்பாலும் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ள முதியவர்; தன் மருந்தை மறந்து, தன் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, மனச்சோர்வில் விழுகிறார். ஆதலால் வெளியூரில் உள்ள பிள்ளைகளிடம் இரண்டைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை விடுப்பில் வரும்போது, கவனித்துக்கொள்ளும் பெற்றோரை இரண்டு நாளாவது வேறு வீட்டில் தங்க அனுப்பிவிட்டு, நோயுற்றவரோடு நீங்கள் மட்டும் இருந்து பாருங்கள். தொலைபேசியில் தெரியாததெல்லாம் அப்போது தெரியும். பிறகு இருவரையும் சேர்த்தே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, முதியோர் உதவி எண் 14567 ஆகியவற்றைக் கட்டணமின்றி அழைக்கலாம். வரும்போது, கூட வருபவரின் மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அவரையும் பரிசோதித்தே அனுப்புவோம்.