மேனிஃபோல்ட் என்றால் பன்மடங்கா?

கார் பழுது பற்றிய காணொளி ஒன்றில் "உட்கொள்ளும் பன்மடங்கில் விரிசல்" என்று ஒரு குரல் சொன்னபோது, ஏதோ மருந்துச் சீட்டைப் படிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உட்கொள்வது மாத்திரையை, பன்மடங்கு என்றால் டாக்டர் சொன்னதைவிடக் கூடுதலாக. அப்புறம் வேறொரு இடத்தில் "வெளியேற்றப் பன்மடங்கு" வந்தது. இரண்டுமே எஞ்சினில் இருக்கும் மேனிஃபோல்ட் என்ற குழாய்தான்: இன்டேக் மேனிஃபோல்ட் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும். மூன்றாம் தடவை கண்ணில் பட்ட வாரம் என் வண்டியிலேயே இன்டேக் மேனிஃபோல்ட் உடைந்து கிடந்தது, அதனால் எரிச்சல் கொஞ்சம் அதிகம்.

என்னுடையது கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கருவி) காலத்து மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். மதுரை காளவாசல் சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்துப் பிடித்தால் ஓடும். பழங்காநத்தத்தில் பழைய வண்டிகள் பார்க்கிற ஒரு தம்பியிடம் விட்டேன். கார்புரேட்டரைக் கழற்றுவார் என்று பார்த்தால் அதைத் தொடவே இல்லை. "ஸ்லோ நிக்கலண்ணே, எங்கயோ காத்து இழுக்குது" என்று சொல்லிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைச் சூடான சைலன்சர் பக்கம் போகாமல் ஒவ்வொரு இணைப்பாக லேசாக அடித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது சிலிண்டர் பக்கம் அடித்ததும் சத்தம் மாறியது. காரணம் எளிது. எஞ்சின் ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும், நல்ல எஞ்சினில் பாதரசக் கணக்கில் 18 முதல் 22 அங்குலம் வரை. எங்கே விரிசல் இருந்தாலும் அந்த வழியாகக் காற்று புகுந்துவிடும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்பது போய், காற்று மிஞ்சி, எஞ்சின் திணறும். ஸ்பிரேயும் எரியக்கூடியதுதான், அது விரிசல் வழியாக உள்ளே போனால் ஓட்டம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கழற்றிப் பார்த்தால் போல்ட் நுழைகிற காது உடைந்து, அங்கிருந்து விரிசல் ஓடியிருந்தது. முன்பு யாரோ இணைப்புக்கு நடுவே வைக்கிற பேக்கிங்கை மாற்றும்போது பலத்தையெல்லாம் காட்டி முறுக்கியிருக்கிறார்கள். ஆர்கான் வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன். "வச்சா முகம் கோணிக்கும்ணே" என்றார், எஞ்சினோடு ஒட்டுகிற பக்கத்தைத்தான் முகம் என்கிறார். பழைய சாமான் கடையிலிருந்து நல்லதாக ஒன்று கொண்டுவந்து, அதன் முகத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, புதுப் பேக்கிங் வைத்து, நடு போல்ட்டில் தொடங்கி ஓரத்துக்குப் போகிற மாதிரி இரண்டு மூன்று சுற்றாக முறுக்கினார். காது, முகம். பட்டறையில் தமிழ் இருக்கத்தான் செய்கிறது, மொழிபெயர்ப்பாளர்கள்தான் அந்தப் பக்கம் போவதில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் பல என்பதற்கான சொல்லும் மடங்கு என்பதற்கான விகுதியும் சேர்ந்து பிறந்தது மேனிஃபோல்ட். பலவகையான என்று பொருள்படும் பெயரடை, அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டில் பல வாய்கள் உள்ள குழாயை "மேனிஃபோல்ட் பைப்" என்றார்கள், போகப்போகப் பைப் உதிர்ந்து அடைமொழி மட்டும் நின்றுவிட்டது.

கோளாறே இங்கேதான். ஆங்கிலக்காரர்கள் குழாயை வாய்க்குள் விழுங்கிவிட்டார்கள், ஆனால் கேட்கிறவர்களுக்கு அது குழாய் என்று தெரியும். நம் ஆள் மிச்சமிருந்த அடைமொழியை மட்டும் எடுத்துப் பன்மடங்கு ஆக்கினார். பன்மடங்கு என்பது தமிழில் ஒரு பொருளே அல்ல, அளவு. மல்லிகை விலை பன்மடங்கு ஏறும். பன்மடங்கு உடையாது, விரிசல் விடாது, அதற்குப் பேக்கிங்கும் கிடையாது.

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற என் மச்சான் இதற்கு மாற்றாகப் "பன்மடி" என்கிறார். மும்மடிச் சோழன் என்று ராஜராஜனுக்குப் பட்டம் இருந்ததே, மடி நல்ல தமிழ்தானே என்று வாதம். நல்ல தமிழ்தான், யார் இல்லை என்றது? ஆனால் அங்கேயும் மடி என்பது மடங்குதான், குழாய் அல்ல. எங்கள் ஊரில் மடி என்றால் வேட்டி மடி, இல்லையென்றால் பசுவின் மடி. யோசித்தால் பசு மடி மோசமான உவமை இல்லை, ஒரு பை, நான்கு காம்பு, அப்படியே நான்கு சிலிண்டர் கார். ஆனால் அந்தக் கணக்கில் பன்காம்பு என்றல்லவா வரவேண்டும்? பன்மடி என்றால் மாட்டுத் தொழுவம். கணிதத்தில் 1854-இல் ஜெர்மன் கணித அறிஞர் ரீமான் பேசிய வெளிகளுக்கும் ஆங்கிலத்தில் இதே மேனிஃபோல்ட்தான், அங்கே வேண்டுமானால் பன்மடி இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரிகுழாய் என்று முதலில் நானே யோசித்தேன். காற்று உள்ளே போகும் பக்கம் சரியாக இருக்கும், ஒன்று மூன்றாகப் பிரிகிறது. புகை வெளியேறும் பக்கம் மூன்று ஒன்றாகச் சேர்கிறது, அங்கே அது பொய்யாகிவிடும். கவைக்குழாய் அழகான சொல், ஆனால் கவை என்றதும் மனசுக்குள் இரண்டு கிளைதான் விரியும். கிளைக்குழாய் என்றால் இரண்டு பக்கமும் பொருந்துகிறது, கிளை பிரிந்தாலும் கிளைதான், வந்து சேர்ந்தாலும் கிளைதான். பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் கிளை வாய்க்கால் என்று சொல்லிப் பழகிய ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆகவே காற்றுக் கிளைக்குழாய், புகைக் கிளைக்குழாய். கார்புரேட்டர் வண்டியில் காற்றோடு பெட்ரோலும் போகிறதே என்று மச்சான் கேட்பார். போகட்டும், பெயர் என்பது அடையாளம், உள்ளே போகிறவற்றின் பட்டியல் இல்லை.

நான் தனித்தமிழ் வெறியன் இல்லை. மேனிஃபோல்ட் என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம், கடைக்காரருக்குப் புரியும். ஷாக் அப்சார்பருக்கு "அதிர்ச்சி உறிஞ்சி" மாதிரி, தமிழும் இல்லாமல் பொருளும் இல்லாமல் எழுதுவதுதான் தாங்கவில்லை. குழியில் இறங்கும் வண்டிக்கு வருவது அதிர்வு. அதிர்ச்சி, பில்லைப் பார்க்கும் எனக்கு.

வண்டியை எடுக்கும்போது தம்பியிடம் கிளைக்குழாய் என்று சொல்லிப் பார்த்தேன். "புரியுதுண்ணே, ஆனா கடையில கேட்டா பம்புசெட்டு பைப்பை எடுத்துக் குடுத்துருவாங்க" என்றார். பில்லில் மேனிபோல்டு 1, பேக்கிங் 1 என்றுதான் எழுதியிருந்தார்.